விடத் தெரிந்த பெடல்

போன வாரம் ஒரு வாசகி போன் செய்தார். மடுகரைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் கல்யாணம், முழங்கால் வலி, மழை பொய்த்தது என்று பத்து நிமிடம் பேசிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். நானும் என் நாத்தனாரும் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி மாதம் ஒருமுறையாவது எழுதுவேனாம். இப்போது மூன்று மாதமாக ஒரு வரிகூடக் காணோமே, நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார்.

நிறுத்தவில்லை. எழுதத்தான் தைரியம் வரவில்லை.

இப்போது எழுதலாம். நல்லபடியாக முடிந்துவிட்டது. முடிந்தபிறகுதான் இதைச் சொல்லவே எனக்கு வாய் வருகிறது.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருபவர்களுக்காக ஒரு அறிமுகம். விஜயா என் கணவரின் தங்கை. வயது முப்பத்தெட்டு. சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. கணவர் மஸ்கட்டில், மகள் ப்ளஸ் டூ. வில்லியனூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். வாரத்தில் ஒருநாள், ஞாயிறு காலை மட்டும், அவள் யாருக்கும் சூப்பர்வைசர் கிடையாது, அம்மா கிடையாது. சைக்கிளில் ஏறினால் எங்கேயாவது மேடு பள்ளம் தேடிப் போவாள். நான் பின்னால் போவேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது... பின்னால் போவதுதான் என் வயதுக்கு அழகு.

புதுச்சேரியில் மலையே கிடையாதே, மவுண்டன் பைக்கை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஏரிக்கரை இருக்கிறதே! ஆற்றங்கரை, செம்மண் ஓடை, கரும்பு லாரி போட்டுவிட்டுப் போன தடம் எல்லாம் இருக்கின்றன. மலை வேண்டுமென்றால் கல்வராயன் மலைப்பக்கம் போய்விடுவோம். எங்களைப் போல ஆறேழு பெண்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு.

போன வருடம் அப்படிப் போனபோதுதான் இந்தப் பெடல் கதை ஆரம்பித்தது. மலையிலிருந்து இறங்கும் மண்பாதையில் சைக்கிள் தூக்கித் தூக்கிப் போட்டது. விஜயாவின் கால் பெடலிலிருந்து நழுவி, பெடலில் இருக்கும் சின்னச் சின்ன முள் போன்ற ஆணிகள் அவள் முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கிழித்துவிட்டன. ஏழு தையல். தையல் பிரித்த அன்றே, க்ளிப்லெஸ் பெடல் போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

க்ளிப்லெஸ் என்றால் க்ளிப் இல்லாதது என்றுதானே அர்த்தம்? ஆனால் அதில்தான் க்ளிப் இருக்கிறது. யார் வைத்த பெயரோ! ஷூவின் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு இரும்புத்துண்டு. அதற்கு க்ளீட் என்று பெயர். இரண்டு போல்ட் போட்டு ஷூவில் முடுக்கியிருப்பார்கள். காலைப் பெடலில் வைத்து மிதித்தால் ‘டக்’ என்று மாட்டிக்கொள்ளும். சைக்கிள் எவ்வளவு குதித்தாலும் கால் நழுவாது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் ‘டக்’ என்று விட்டுவிடும்.

விட்டுவிட வேண்டும்.

விஜயாவின் பிறந்தநாளுக்கு நான்தான் அந்தப் பெடலையும் அதற்கான ஷூவையும் வாங்கிக் கொடுத்தேன். ஆன்லைனில் படம் பார்த்து வாங்கினேன். பெடல் பளபளவென்று சிவப்பு நிறம். ரொம்ப லேசானது என்று போட்டிருந்தது. கீழே நிறைய பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். வேறென்ன பார்க்க வேண்டும்? யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து, எல் வடிவ ஆலன் கீ வைத்து, பெடலைச் சைக்கிளிலும் க்ளீட்டை ஷூவிலும் நானே மாட்டியும் கொடுத்தேன். பெருமையாக இருந்தது.

எனக்கு மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. காலைச் சைக்கிளோடு சேர்த்துப் பூட்டுவதா... எனக்குப் பயம். என் சைக்கிளில் சாதாரணப் பெடல்தான். நான் போடப் பயந்த ஒன்றைப் பரிசு என்று அவளுக்குக் கொடுத்தேன். அப்போது இது எனக்குத் தோன்றவில்லை. பிறகு பல நாள் தோன்றியது.

அந்த ஞாயிறு காலை ஏம்பலம் வழியாகப் பாகூருக்குப் போனோம். ஏரி நிரம்பியிருந்தது. கரைமேல் பனைமரங்களுக்கு நடுவே ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு பாதை. ஒருபக்கம் தண்ணீர், இன்னொருபக்கம் சரிவு, சரிவின் கீழே வாய்க்கால், அதற்கப்பால் நடவு முடிந்த வயல்கள். மதகுக்குப் பக்கத்தில் கரையைச் சரிசெய்ய மண்ணைக் கொட்டிப் பாதையை அடைத்திருந்தார்கள். விஜயா பிரேக் பிடித்தாள். சைக்கிள் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. காலை ஊன்ற வேண்டியதுதான் பாக்கி.

வலது காலைத் திருப்பினாள். வரவில்லை. மறுபடி திருப்பினாள். நான் இருபது அடி பின்னால் இருந்தேன், நன்றாகத் தெரிந்தது. சைக்கிள் மெதுவாக, ரொம்ப மெதுவாக வலதுபக்கம் சாய்ந்தது. அவ்வளவு மெதுவாக ஒருவர் விழுந்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் சரிவில் உருண்டு, சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போய் விழுந்தாள்.

வாய்க்காலில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் அவள் முகம் தண்ணீருக்குள் இருந்தது. சைக்கிள் அவள் மேல் கிடந்தது. இடது கால் விடுபட்டிருந்தது, வலது கால் மட்டும் பெடலோடு சேற்றுக்குள்.

நான் எப்படிச் சரிவில் இறங்கினேன் என்று தெரியாது. அவள் தலையைத் தூக்கி என் மடிமேல் வைத்துக்கொண்டேன். இருமினாள். மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து, ‘‘கால் வரல அண்ணி’’ என்றாள். நான் ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவள் காலைப் பிடித்து இழுத்தேன். திருப்பினேன். அவள் கத்தினாள். கத்தக் கத்த நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். தலையை விட்டால் தண்ணீர். காலை விட்டால் சைக்கிள். இரண்டு கை போதவில்லை.

வயலுக்குத் தண்ணீர் பார்க்க வந்தவர் ஒருவர் சத்தம் கேட்டு வரப்பில் ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் மண்வெட்டி. அதைக் கரையில் வீசிவிட்டு இறங்கினார். சைக்கிளைத் தூக்கிப் பிடித்து, ஒரு நிமிடம் பார்த்தார்.

‘‘இன்னாம்மா, கால இழுத்துகினு கீறீங்க? ஷூவ அவுத்து வுடுங்க’’ என்றார்.

ஷூவை!

சேற்றுக்குள் கையை விட்டு, ஷூவின் இரண்டு ஒட்டுப்பட்டைகளையும் அவரே பிய்த்தார். விஜயாவின் கால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஷூ மட்டும் பெடலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பத்து வினாடி வேலை. நான் எத்தனை நிமிடம் அவளை இழுத்து வதைத்தேன் என்று இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது.

அவர் பெயர் தனசேகர். அவரே தன் டிவிஎஸ்ஸில் விஜயாவை உட்காரவைத்து, பின்னால் நான் பிடித்துக்கொள்ள, பாகூரில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார். சைக்கிள்கள் அவருடைய மோட்டார் ஷெட்டில் கிடந்தன. என் கணவர் காரில் வந்து சேரும்போது விஜயாவின் கணுக்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுக்க உள்ளே போனாள். நானும் என் கணவரும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.  

அந்த அரைமணி நேரத்தில் என் மூளைக்குள் ஓடியதெல்லாம் ஒன்றுதான். எலும்பு முறிந்திருந்தால் மூன்று மாதம் அவளால் நிற்க முடியாது. நிற்க முடியாவிட்டால் அந்த வேலை இல்லை. மகளுக்குப் பரீட்சை வருகிறது. வீட்டில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. இவ்வளவும் நான் ரிப்பன் கட்டிக் கொடுத்த ஒரு பெட்டியிலிருந்து வந்தது.

முறியவில்லை. ஜவ்வுதான் இழுபட்டிருக்கிறது, மூன்று வாரம் ரெஸ்ட் என்றார் டாக்டர். நான் அவருக்கு எதற்கு மூன்றுமுறை நன்றி சொன்னேன் என்று அவருக்குப் புரியவில்லை. காரில் ஏறும்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். ‘‘நாளைக்கே அந்தப் பெடலைத் தூக்கிக் குப்பைல போடு’’ என்றார். அவ்வளவுதான்.

போட்டிருப்பேன். ஆனால் என்ன ஆயிற்று என்று தெரியாமல் எப்படிப் போடுவது?

விஜயாவின் கம்பெனியில் லூர்து என்று ஒருவர், மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நாற்பது வயது, அவரும் எங்களைப் போல சைக்கிள் பைத்தியம். வில்லியனூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் வீடு. பெடல்களையும் சேறு காய்ந்த ஷூவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன். வாசலில் பேப்பரை விரித்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சேற்றைத் தட்டிச் சுத்தம் செய்தார். முதலில் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

க்ளீட்டுக்கு இரண்டு போல்ட் என்றேன் இல்லையா? ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஆடியது. இன்னொன்று எங்கேயோ வழியில் கழன்று விழுந்திருக்கிறது. இரண்டு போல்ட் இருந்தால் ஷூவும் க்ளீட்டும் சேர்ந்து திரும்பும், பெடல் வாயைத் திறக்கும். ஒன்று போனால் க்ளீட் அப்படியே பெடலுக்குள் நிற்கும், ஷூ மட்டும் அந்த ஒற்றை போல்ட்டைச் சுற்றித் திரும்பும். நீங்கள் நாள் முழுக்கக் காலைத் திருப்பினாலும் வெளியே வராது.

அப்புறம் பெடலைப் பார்த்தார். பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. ஸ்ப்ரிங் எவ்வளவு இறுக்கமாகக் காலைப் பிடிக்க வேண்டும் என்று வைக்கிற ஸ்க்ரூ. அது கடைசிவரை முடுக்கியிருந்தது. யார் முடுக்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன். கால் நழுவக் கூடாது என்றுதானே இவ்வளவும்... இறுக்கமாக இருந்தால் பத்திரம் என்று நினைத்தேன்.

லூர்து கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை.

‘‘இறுக்க வேண்டிய போல்ட்ட லூசா வுட்டுட்டீங்கக்கா. லூசா வுட வேண்டிய ஸ்ப்ரிங்க இறுக்கி வச்சிட்டீங்க’’ என்றார்.

இதை நான் நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் விஜயா வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கஞ்சி, ரசம், ஒருநாள் நல்லவாடு கடற்கரையில் மீன் வாங்கிக் குழம்பு. அவள் சாப்பிடுவதைப் பார்ப்பேன். நாக்கின் நுனிவரை வரும். டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். தப்பு செய்தவர்கள் ஏன் இவ்வளவு நன்றாகச் சமைக்கிறார்கள் என்று எனக்கு அந்த வாரம்தான் விளங்கியது.

ஐந்தாம் நாள் சொன்னேன். காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். போல்ட்டை நான் சரியாக முடுக்கவில்லை, ஸ்ப்ரிங்கை நான்தான் முடுக்கினேன், நீ விழுந்ததற்கு நான்தான் காரணம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் கடலையை உரிப்பதை நிறுத்தவில்லை.

‘‘ஷூ அடியில ஒரு வாரமாவே கடகடன்னு ஆடிச்சி அண்ணி’’ என்றாள். ‘‘உங்களாண்ட சொன்னா மலைக்கே வேணாம்னுடுவீங்க. அதான் சொல்லல.’’

  நான் பயந்து ஒன்றை மறைத்திருக்கிறேன், அவளும் பயந்து ஒன்றை மறைத்திருக்கிறாள். நடுவில் ஒரு போல்ட் கழன்று விழுந்திருக்கிறது. கோபம் வர வேண்டும், வரவில்லை. நெஞ்சில் ஐந்து நாளாக ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்து போனது. அவள் ஒரு கை கடலையை எடுத்து என் கையில் வைத்தாள். அன்றைக்கு அதுதான் எங்கள் சமாதானப் பேச்சுவார்த்தை.

சரி, இனி என்ன? சாதாரணப் பெடலுக்கே திரும்பிவிடலாம் என்றேன். லூர்துவும் அதையேதான் சொன்னார். மலையிறக்கத்தில் எத்தனையோ பெரிய ஆட்கள் சாதாரணப் பெடல்தான் போடுகிறார்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்றார். விஜயா புடவையை ஒரு சாண் தூக்கி ஏழு தையல் தழும்பைக் காட்டினாள். க்ளிப் மாட்டிய மூன்று மாதத்தில் ஒருதடவைகூடக் கால் நழுவவில்லை என்றாள். ‘‘எனக்கு இதான் வேணும். ஆனா இந்தவாட்டி நான் பாத்து வாங்குறேன்’’ என்றாள். மறுத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

வீக்கம் வற்றியதும் லூர்துவோடு சேர்ந்து மூன்று பேரும் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்தவுடன் லேசான பெடல்களைத்தான் எடுத்துவைத்தார். கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி. லூர்து என் பழைய சிவப்புப் பெடலைப் பையிலிருந்து எடுத்து, என் காதருகே வைத்துச் சுற்றிவிட்டார். கரகரவென்று அரைத்தது. மூன்றே மாதம். நம் பக்கத்துச் செம்மண் தூள் சும்மா ஒட்டிக்கொண்டு போவதில்லை, இண்டு இடுக்கு எங்கிருந்தாலும் உள்ளே போய்விடும். பாகூர் களிமண் அதற்கு மேல். காய்ந்தால் சிமென்ட்.

ஆகவே எடையை மறந்துவிடுங்கள் என்றார் லூர்து. அச்சு கெட்டியான எஃகாக இருக்க வேண்டும், பாறையில் இடித்தால் வளையக் கூடாது. பேரிங் தூசி போகாதபடி மூடியிருக்க வேண்டும். தேய்ந்தால் பிரித்து மாற்ற உதிரிப்பாகம் கிடைக்கிறதா என்று கேட்கச் சொன்னார். பிரிக்கவே முடியாத பெடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாமாம். மலையிறக்கத்துக்கென்றே ஒரு வகை இருக்கிறது. க்ளிப்பைச் சுற்றி அகலமாக ஒரு அலுமினியச் சட்டம். கல்லில் மோதினால் அடி சட்டத்துக்கு, க்ளிப்புக்கு இல்லை. பயமான இடத்தில் க்ளிப் மாட்டாமலே அதன்மேல் காலை வைத்துக்கொண்டும் போகலாம். பெடலின் இரண்டு பக்கத்திலும் க்ளீட் மாட்ட வேண்டும். சேறு அடைத்தாலும் வழிந்து வெளியே போக இடைவெளி வேண்டும். க்ளீட்டில்கூட, ஒரு பக்கம் மட்டுமில்லாமல் எப்படி முறுக்கி இழுத்தாலும் விட்டுவிடுகிற ரகம் ஒன்று இருக்கிறதாம், பழகுகிறவர்கள் அதையே போடலாமாம்.

விஜயா இவ்வளவையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் கடைச் சைக்கிளில் லூர்து சொன்ன கனமான பெடலையும் ஷூவில் புது க்ளீட்டையும் மாட்டச் சொல்லி, ஸ்ப்ரிங்கைக் கடைசிவரை தளர்த்தச் சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மாட்டினாள், விட்டாள். மாட்டினாள், விட்டாள். ஐம்பது தடவை. கடையில் ஏசி இருந்தும் அவளுக்கு வியர்த்தது. வேறு இரண்டு கஸ்டமர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைக்காரருக்குக் கொஞ்சம் சங்கடம்.

நாம் எதை வாங்கினாலும் எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கும் என்றுதானே கேட்கிறோம்? பூட்டு, பசை, வேலை, உறவு... எப்படி விடும் என்று கேட்கத் தோன்றுவதே இல்லை. அந்தக் கடையில் அன்றைக்கு விஜயா ஒருத்திதான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போல்ட்களை இந்தமுறை லூர்து முடுக்கினார். திருகு மறையிலிருந்து கழன்று வராமலிருக்க ஒரு நீலநிறப் பசையும் தடவினார். பிறகு ஒரு மாதம், ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் பள்ளிக்கூட மைதானத்துப் புல்லில் தினமும் இருபது நிமிடம் விஜயா சுற்றினாள். அவள் சுற்ற, நான் ஓரத்தில் நின்று திடீர் திடீரென்று கையைத் தட்டுவேன். தட்டியவுடன் காலை விட வேண்டும். முதல் வாரம் இரண்டுதடவை விழுந்தாள், புல்தான். மூன்றாவது வாரம் நான் தட்டி முடிப்பதற்குள் கால் தரையில் இருந்தது.

போன ஞாயிறு கல்வராயன் மலைக்குப் போனோம். என் கணவர் வேன்வரை வந்து, விஜயாவின் ஷூவைத் திருப்பி இரண்டு போல்ட்டையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார். அது அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

இறக்கத்தின் பாதித் தொலைவில் ஒரு வளைவு. மழை மண்ணை அரித்து, பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. விஜயா எனக்கு முன்னால். முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கிச் சிக்கியது. சைக்கிளின் பின்பக்கம் மேலே எழுந்தது. பெடல் பாறையில் மோதுகிற சத்தம் ‘ணங்’ என்று எனக்குக் கேட்டது. வலதுபக்கம் சாய்ந்தாள். வலதுபக்கம்தான் பள்ளம்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

விழுகிற சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், ஒரு காலைப் பாறைமேல் ஊன்றி, இன்னொரு கால் சைக்கிளில், ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். எப்போது காலை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கால் தானாகவே வந்துவிட்டது.

‘‘வுட்டுடிச்சி அண்ணி’’ என்றாள்.  சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் சைக்கிளைப் பாதையிலேயே போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். கை, முழங்கை, கணுக்கால், தாடை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அவள் நின்று காட்டினாள். பின்னால் வந்தவர்கள் மணி அடித்தார்கள். வழிவிட மனசில்லாமல் இரண்டு பேரும் பாறைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். சைக்கிளைச் சாய்த்து வைத்து அவள் பெடலைச் சுற்றிவிட்டாள். ஆட்டமில்லாமல், சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

அலுமினியச் சட்டத்தில் ஆழமாக ஒரு கீறல். விஜயா மேல் அதுகூட இல்லை.